பழைய அடுப்புக்கு மறுவாழ்வு: இரும்பை நம்பலாம், றப்பரை நம்பலாகாது

கோடை பிறந்துவிட்டால் பாரிஸின் புறநகர்களில் வாழும் எம்மவர் வீடுகளில் இறைச்சி சுடும் வாசனை எழத் தொடங்கிவிடும். லா கூர்நெவ், சார்செல், வில்லியே-லு-பெல் ஆகிய இடங்களில் சிறு முற்றமேனும் வாய்க்கப்பெற்ற குடும்பங்கள் காஸ் பார்பிக்யூ அடுப்பொன்றைத் தேடுகின்றன. லாச்சப்பலைச் சுற்றியுள்ள ஒற்றையறை வீடுகளில் வாழ்வோருக்கு முற்றமும் இல்லை, சுடுவதற்கு நேரமும் இல்லை. வேலை முடிந்து வந்து உலை வைப்பதற்கு ஒழுங்காக எரியும் ஒரு காஸ் அடுப்பு கிடைத்தாற் போதும் என்பதே அவர்களது நிலை.

இரு சாராரும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கே வருகின்றனர். கடையில் மிக மலிவான புதிய அடுப்பை வாங்குகின்றனர். அதன் தகடு மெல்லியது, கால்கள் ஆடுபவை. மழையிலும் பனியிலும் இரண்டு குளிர்காலங்கள் நின்றதும் துரு அதனைத் தின்றுவிடுகின்றது. மூன்றாம் ஆண்டில் அது வீதியோரத்தில் கிடக்கும். அதே வீதியோரத்தில், சமையலறையை மாற்றிக்கொண்ட ஒரு பிரெஞ்சுக் குடும்பம் கழித்துவிட்ட கனத்த பழைய அடுப்பும் கிடக்கும். அதன் வார்ப்பிரும்பு இன்னும் ஒரு தலைமுறைக்குப் போதுமானது. ஆனால் அதனைத் தொட எம்மவர் பலர் கூசுகின்றனர். "கழித்த சாமானை எடுத்து வாழவா இங்கு வந்தோம்" என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர்கள். கிடைத்த அடுப்பைத் தூக்கிவந்து, அதனோடு வந்த பழைய குழாயையே பூட்டி, அன்றிரவே சோறு சமைத்துவிடுவர். முதலாமவர் பணத்தை இழக்கின்றார். இரண்டாமவர் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைக்கின்றார். பழைய அடுப்பில் எது நிலைக்கும், எது கெடும் என்பதைப் பிரித்தறிந்தால் இந்த இரு தவறுகளும் நேரா. இரும்பு மெல்ல மூப்பது. றப்பர் விரைவில் மூப்பது. முதலாவதைத் துலக்கி எடுக்கலாம். இரண்டாவதை மாற்றியே ஆகவேண்டும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே. மிகுதி அனைத்தும் அதன் விளக்கம்.

கூச்சம் எதற்கு?

திருத்திப் பயன்படுத்துவதை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் எட்டாத விலை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் கார்கள் ஓடின. அப்படி வாழ்ந்த மக்கள், சற்றே துருப்பிடித்த அடுப்பைக் கண்டு முகம் சுழிப்பது வியப்புக்குரியதே.

பாரிஸ் நகரமும் இவ்வகையில் எமக்கு அந்நியமானதன்று. இந்நகரின் குப்பைத்தொட்டிக்குப் 'பூபெல்' என்று பெயர். 1883 ஆம் ஆண்டு நவம்பர் 24 இல் வீடுகள் தோறும் குப்பைத்தொட்டி வைக்கவேண்டும் என்று ஆணையிட்ட நகர ஆளுநர் எழென் பூபெலின் பெயரே அது. அதுவரை வீதிக் குவியல்களில் கந்தலும் எலும்பும் உலோகமும் பொறுக்கி வாழ்ந்த பல்லாயிரம் பேரை அந்த ஆணை கலக்கியது. நகரின் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்ட அவர்களுடைய வணிகத்திலிருந்தே, லாச்சப்பலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய சென்-துவான் பழம்பொருட் சந்தை வளர்ந்தது. இன்று அங்கு செல்வந்தர்களும் பேரம் பேசுகின்றனர்.

1949 ஆம் ஆண்டில் தொடங்கிய எம்மாயுஸ் இயக்கமும் கழித்த பொருட்களைச் சேர்த்துத் திருத்தி விற்றே வீடற்றோருக்கு உறைவிடம் அளித்தது. அதன் சமூகங்களில் தங்கி உழைப்போரில் வதிவிட அனுமதி அற்றவர்களும் உள்ளனர். 1984 இல் ஸ்ராஸ்பூர்க் நகரில் தோன்றிய ஆன்வி நிறுவனம், நெடுங்காலம் வேலையற்றிருந்தோருக்கு வீட்டு மின்சாதனங்களைத் திருத்தும் தொழிலைப் பயிற்றி, அவற்றை உத்தரவாதத்துடன் விற்கின்றது. எமது 18 ஆம் வட்டாரத்திலேயே, போர்த் மொன்மார்த்ர் அருகில், பழம்பொருள் விற்று வாழும் வறியோருக்கென நூறு இடங்களை 2009 ஒக்டோபரில் நகரசபை ஒதுக்கியது. பழையதைத் திருத்தி வாழ்தல் இந்நகரில் இழிவான செயலன்று. அதற்கென்று ஒரு வரலாறே உண்டு.

எங்கு பெறலாம்?

முதலில் நாடவேண்டியவை எம்மாயுஸ் நிலையங்கள், ஆன்வி கடைகள், 'ரெசூர்சரி' எனப்படும் வட்டார மறுபயன்பாட்டு நிலையங்கள் ஆகியவை. தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்கும் பழைய பொருளுக்கும் பிரெஞ்சுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. வாங்கிய 12 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்பது 2022 முதல் நடைமுறையிலுள்ள விதி. ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தனியாரிடம் கைமாற்றாக வாங்கும்போது இப்பாதுகாப்பு இல்லை. ஆயினும் அடுப்பு எரிவதைக் கண்ணாற் கண்டு வாங்கும் வாய்ப்பு உண்டு. வீடு மாறுவோரிடமும், மின்சார அடுப்புக்கு மாறும் அயலவரிடமும் நேரிற் கேட்பதே சிறந்தது.

வீதியோரத்துப் பொருட்களைப் பற்றி ஒரு சொல். பாரிஸில் பெரும் பொருட்களை வெளியே வைப்பதற்கு நகரசபையிடம் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். சேவை இலவசம். பதிவின்றி வைப்போருக்குத் தண்டம் உண்டு. வைத்தவரைக் காண நேர்ந்தால் கேட்டு எடுங்கள். எடுத்ததை நடைபாதையில் பரப்பி விற்க முனையாதீர்கள். அனுமதியற்ற வீதி விற்பனை குற்றமாகும். அகதிக் கோரிக்கை நிலுவையிலுள்ளவர்கள் சிறு இலாபத்திற்காகப் பொலிசாரின் பதிவேட்டில் ஏறக்கூடாது.

எதை எடுப்பது, எதை விடுவது?

கையால் தூக்கிப் பாருங்கள். கனம் நல்ல அடையாளம். பார்பிக்யூ அடுப்பாயின் மூடியும் தொட்டியும் வார்ப்பு அலுமினியமாகவோ தடித்த எனாமல் உருக்காகவோ இருக்கவேண்டும். மேற்பரப்பில் படிந்த செந்துரு அஞ்சத்தக்கதன்று. திருகாணி முறுக்கியால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால் அது துருவன்று, ஓட்டை. அடித்தட்டும் தாங்குகால்களும் அவ்வாறு அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து எரிகுழாய்களைப் பாருங்கள். துளைகள் சீராக இருக்கவேண்டும். இரு துளைகள் ஒன்றாகக் கிழிந்திருந்தால் அக்குழாயை மாற்றவேண்டும். வெளியில் நின்ற அடுப்பின் குழாய்களுக்குள் சிலந்திகள் கூடு கட்டுவதுண்டு. கூடு வழியை அடைத்தால் எரிவாயு பின்னோக்கி வந்து, குமிழ்களின் அருகே தீப்பற்றும். ஆகவே ஒவ்வொரு குழாயையும் கழற்றி, உட்புறத்தைத் தூரிகையால் துடைத்த பின்னரே மூட்டவேண்டும்.

வீட்டு அடுப்பாயின் ஒவ்வொரு குமிழையும் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் அதனைத் தொழில்தெரிந்தவரிடம் விடவேண்டும். சுடருக்கு அருகே சிறு குச்சி போன்ற ஓர் உலோக முனை இருந்தால் அது காவல் உறுப்பு. சுடர் அணைந்ததும் எரிவாயுவை நிறுத்துவது அதுவே. குமிழை விட்டவுடன் சுடர் அணைந்தால் பெரும்பாலும் இம்முனை அழுக்கேறியோ பழுதுற்றோ இருக்கும். புதிதாக மாற்றுவது எளிது. அதனை நீக்கிவிட்டு அடுப்பை எரியவைக்கும் 'கெட்டித்தனம்' எமக்கு வேண்டாம்.

போறணையுடன் கூடிய மிகப் பழைய அடுப்புகளில் இன்னுமோர் ஆபத்து உண்டு. பிரான்ஸில் அஸ்பெஸ்ரஸ் 1997 ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய போறணைகளின் கதவுக் கயிற்றிலும் வெப்பக் காப்பிலும் அது இருக்கக்கூடும். அவற்றைப் பிரிக்கவோ சுரண்டவோ வேண்டாம். அத்தகைய அடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதே மேல்.

துலக்கும் முறை

துலக்கும் வேலையில் எம் பெண்கள் எந்தப் பொறியியலாளருக்கும் குறைந்தவர்களல்லர். புதிய தோசைக்கல்லை எண்ணெய் பூசிப் பழக்கும் முறையே வார்ப்பிரும்புக் கம்பித்தட்டுக்கும் உரியது. துருவைத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டுச் சூடாக்குங்கள். எண்ணெய் இறுகிக் கருமையான தோலாகப் படியும். சிலமுறை இவ்வாறு செய்தால் இறைச்சி ஒட்டாது, துருவும் ஏறாது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரும் சவர்க்காரமும் அப்பச்சோடாவும் போதும். போறணை துலக்கவெனக் கடையில் விற்கும் காரம் மிகுந்த திரவங்களை அலுமினிய மூடியிற் படவிடாதீர்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தபின் ஈரத்துணியால் நன்கு துடையுங்கள். உதிர்ந்த கம்பி இறைச்சியோடு தொண்டைக்குள் போகக்கூடும். கம்பித்தட்டு கிடைக்கவில்லை என்று பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டைத் தீயின்மேல் வைப்போரும் உளர். அதன் உலோகப் பூச்சு சூட்டில் நச்சு வெளிவிடக்கூடியது. அதனைச் செய்யவே கூடாது.

காஸ் அடுப்பின் வாய்களைக் கழற்றிச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, துளைகளை மரக்குச்சியால் நீக்கி, முற்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். அவற்றின் அடியில், எரிவாயு வெளிப்படும் சிறு பித்தளை முனையை மட்டும் ஊசியாற் குத்தாதீர்கள். துளை தலைமயிரளவு பெருத்தாலும் சுடர் கெடும்.

எந்த வாயுவுக்கு எந்த முனை?

பிரெஞ்சில் 'அன்ஜெக்தர்' எனப்படும் இந்தப் பித்தளை முனையிலேயே பலரும் இடறுகின்றனர். பாரிஸின் கட்டடங்களுக்குக் குழாய்வழி வருவது இயற்கை எரிவாயு, அதாவது மெத்தேன். சிலிண்டரில் வருவது பியூட்டேன் அல்லது புரோப்பேன். இயற்கை எரிவாயு ஏறத்தாழ 20 மில்லிபார் அழுத்தத்தில் வருவதால் அதற்குப் பெரிய துளை வேண்டும். பியூட்டேன் 28, புரோப்பேன் 37 மில்லிபார் அழுத்தத்தில் வருபவை. அவற்றுக்குச் சிறிய துளை வேண்டும். குழாய்வாயுவுக்கென அமைந்த அடுப்பைச் சிலிண்டரில் பூட்டினால் சுடர் மஞ்சளாக உயர்ந்து பாத்திரத்தைக் கரியாக்கும். கரியுடன் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட்டும் பிறக்கும். ஒழுங்கான சுடர் நீலநிறமானது.

முனையை மாற்றினால் பழைய அடுப்பு புதிய வாயுவுக்குப் பொருந்திவிடும் என்பதற்குப் பிரான்ஸின் வரலாறே சான்று. ஒரு காலத்தில் இந்நகரம் நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவையே எரித்தது. 1998 இல் திறக்கப்பட்ட ஸ்தாத் து பிரான்ஸ் விளையாட்டரங்கு நிற்கும் நிலமும் முன்பு எரிவாயுத் தொழிற்சாலைக்கு உரியதாக இருந்தது. 1951 இல் நாட்டின் தென்மேற்கிலுள்ள லாக்கில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டபின், அது படிப்படியாக நிலக்கரி வாயுவின் இடத்தைப் பிடித்தது. அப்போது அடுப்புகள் அனைத்தையும் வீசிவிடவில்லை. தொழிலாளர் வீடுவீடாகச் சென்று, மாற்றக்கூடியவற்றின் முனைகளை மாற்றிக்கொடுத்தனர்.

றப்பரின் ஆயுள்

இனி மாற்றியே ஆகவேண்டியவை. அடுப்பையும் வாயுவையும் இணைக்கும் நெளிகுழாயில், அதாவது 'துய்யோ'வில், மாற்றவேண்டிய ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆண்டு கடந்திருந்தால் பேச்சுக்கு இடமில்லை. கடக்காவிட்டாலும் மடித்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். பழைய அடுப்புக்கு எப்போதும் புதிய குழாய் என்பதை வீட்டுச் சட்டமாக்கிக் கொள்ளுங்கள். சிலிண்டரின் தலையிற் பூட்டும் அழுத்தச் சீராக்கியும், 'தெத்தாந்தர்' என்று கடையிற் கேட்பது, அவ்வாறே காலத்தால் கெடுவது. பியூட்டேனுக்கு உரியதைப் புரோப்பேனுக்குப் பூட்டலாகாது.

இதிற் கவனம் தவறினால் என்ன நேரும் என்பதை அண்மையில் தாயகத்திற் கண்டோம். 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீவிபத்துகளும் நூற்றுக்கணக்கில் நிகழ்ந்தன. உயிர்களும் பலியாயின. சிலிண்டரில் அடைக்கும் பியூட்டேன், புரோப்பேன் விகிதம் மாற்றப்பட்டதைச் சனாதிபதி நியமித்த குழு காரணமாகச் சுட்டியது. வாயுவின் கலவை மாறும்போது அழுத்தம் மாறுகின்றது. அடுப்பையும் குழாயையும் சீராக்கியையும் ஒன்றாகவே நோக்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

சிலிண்டர் வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே சிலிண்டரை நிலவறையில் வைக்கலாகாது. புரோப்பேன் சிலிண்டர் 13 கிலோ அளவாயின் வீட்டுக்குள் வைப்பதற்கே இடமில்லை. பல தொடர்மாடிகளின் ஒழுங்குவிதிகள் பல்கணியில் பார்பிக்யூவையும், சில வீட்டுக்குள் சிலிண்டரையும் தடுக்கின்றன. வாங்குவதற்கு முன்னரே விசாரியுங்கள்.

பூட்டி முடித்தபின் குமிழ்களை மூடிவைத்து, எரிவாயுவைத் திறந்து, ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொண்டு கசிவு தேடுவோர் இன்னும் எம்மிடையே உளர் என்பதால் இதனை எழுதவேண்டியுள்ளது. வீட்டில் வாயு மணத்தால் மின்விளக்குப் பொத்தான்களைத் தொடாது, யன்னல்களைத் திறந்து, முடியுமாயின் வாயுவை மூடி, அனைவரும் வெளியேறுங்கள். குழாய்வழி வாயு வரும் வீடாயின் வெளியே நின்று 0 800 47 33 33 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள். அது இலவசம்.

எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும் என்பதில்லை. துலக்குவது எம் வேலை. குழாய்வழி வாயுவில் பூட்டுவதும் முனை மாற்றுவதும் தொழில்தெரிந்தவர் வேலை. திருத்துவதை ஊக்குவிக்க 2022 டிசம்பர் 15 இல் பிரான்ஸ் ஓர் உதவித்தொகையை அறிமுகப்படுத்தியது. 'கலிரெப்பார்' அடையாளம் பெற்ற திருத்துநரிடம் சென்றால், அத்திட்டத்தில் அடங்கும் சாதனங்களுக்குரிய தொகை கட்டணச் சிட்டையிலேயே கழிக்கப்படும். உங்கள் அடுப்பு அதில் அடங்குமா என்பதை முன்னதாகவே கேட்டறியுங்கள்.

புதிய அடுப்பை வாங்கவே நேர்ந்தாலும், 2006 நவம்பர் 15 முதல் கடைக்காரர் பழைய மின்சாதனத்தைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். மின்சாரத்திலும் இயங்கும் அடுப்புகள் அதில் அடங்கும். வீதியில் வீசவேண்டிய அவசியமில்லை.

பழைய அடுப்பிலும் நாம் செலவழிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. புதிய குழாய், புதிய சீராக்கி, உரிய முனை, திருத்துநரின் கூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அத்தொகை புதிய தரமான அடுப்பின் விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள். வெகுவாகக் குறைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவையும் மிச்சம் பிடிக்க எண்ணுவோர் பழைய அடுப்பின் பக்கமே போகவேண்டாம்.

மிஞ்சும் பணம் எங்கு போகும் என்பதை எம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பயணக் கடனுக்கும், ஊரில் காத்திருக்கும் பெற்றோருக்கும், பிள்ளையின் பள்ளிப் பைக்கும் அது போகும். ஆனால் அதே அறையிற்றான் அப்பிள்ளை இரவில் உறங்குகின்றது, அடுப்புக்கும் பாய்க்கும் இடையே நாலடி தூரமுமில்லை. குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டை இன்றே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.